களியக்காவிளையிலிருந்து வெலிகம வரை: சிக்கனமான ஓர் அலைச்சறுக்குப் பயணம்

களியக்காவிளையில் கேரள எல்லையைக் கடந்தால் திருவனந்தபுரம் விமான நிலையம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்; அங்கிருந்து கொழும்புக்கு விமானம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மார்த்தாண்டத்தில் பேருந்து ஏறித் திருநெல்வேலி போய்ச் சேருவதற்குள், நம்மில் ஒருவர் இலங்கையில் இறங்கிப் பிளேன்டீ குடித்து முடித்திருக்கலாம். எல்லைப்புறத்து இளைஞர்கள் வெளிநாட்டுக் கடற்கரை என்றதும் பாலியையும் கோவாவுக்கு அப்பாலான கற்பனைகளையும் நினைக்கிறார்களே தவிர, இவ்வளவு அருகில் உள்ள தென்னிலங்கைக் கரையைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. நீந்தத் தெரிந்த, ஆனால் சர்ஃப் போர்டில் இதுவரை நின்றிராத, அல்லது வர்க்கலையில் ஓரிரு வகுப்புகளோடு நிறுத்திக்கொண்ட மூன்று நண்பர்கள் பத்து நாட்களுக்குக் குறைந்த செலவில் போய்வருவதற்கான முறையை இங்கே எழுதுகிறேன். நாங்கள் மூவர் அப்படிப் போனவர்கள். செய்த தவறுகளும் எங்களுடையவை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இத்தகைய பயணத்தில் பணம் கரைவது பெரும்பாலும் ஓட்டத்தில்தான்: எரிபொருள், ஒவ்வோர் இரவும் மாறும் அறை, வழியில் வாங்கித் தின்பது. தண்ணீருக்குள் இருக்கும் நேரம் மிக மலிவானது. ஆகவே தீவைச் சுற்றிவரும் திட்டத்தைக் கைவிட்டு, நூறு கிலோமீட்டருக்குள் அடங்கும் ஒரு கரைத் துண்டில் மூன்றே இடங்களில் தங்குவதுதான் சிக்கனம். ஹிக்கடுவவிலிருந்து காலி, வெலிகம, மாத்தறை வழியாக ஹிரிகெட்டிய வரையிலான கரை அத்தகையது.

மாதத்தைத் தீர்மானித்தபின் டிக்கெட்

இலங்கையின் தென்மேற்குக் கரையில் அலைச்சறுக்குக்கு உகந்த காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கிழக்குக் கரையின் அறுகம்பேயில் மே முதல் செப்டம்பர் வரை. இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, நம் கரையைப் பார்த்தாலே போதும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் கடல் கரையை அடித்து நொறுக்கும் மாதங்கள் அவை. அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் வெலிகமவையும் கலக்குகிறது. நம் மேற்குக் கடல் தெளிந்து கிடக்கும் மாதங்களில் அங்கேயும் விடிகாலைக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசி, அலையின் முகத்தைச் சீராக நிறுத்தி வைக்கும். புதியவருக்கு வேண்டியது இந்த விடிகாலைதான். பத்து மணிக்கு மேல் கடற்காற்று எழுந்ததும் அலைகள் நொறுங்கத் தொடங்கும்.

கல்லூரி விடுமுறை மே மாதத்தில்தான் என்பவர்கள் தென்கரையை மறந்துவிட்டு அறுகம்பேக்குச் செல்லட்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஏப்ரல் கடைசியில் இரண்டு கரைகளையும் ஒரே பயணத்தில் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களில் பலருக்கு இரண்டுமே அரைகுறையாகக் கிடைத்தன.

புறப்படுமுன் ஊரில் செய்ய வேண்டியவை

நீச்சல் தெரியும் என்று சொல்வதற்கும் கடலில் களைத்தபின் இருநூறு மீட்டர் நீந்திக் கரை சேர முடியும் என்பதற்கும் வேறுபாடு உண்டு. குளத்திலும் கால்வாயிலும் நீந்திப் பழகியவர்கள் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வாரம் மூன்று நாள் நீந்த வேண்டும். பலகையில் கவிழ்ந்து படுத்துக் கைகளால் துழாவுவதே இந்த விளையாட்டின் பெரும்பகுதி. தோள்பட்டை தளர்ந்துவிட்டால் மூன்றாம் நாள் அறையில்தான் கிடக்க வேண்டும்.

வர்க்கலையிலும் திருவனந்தபுரத்துக்குத் தெற்கேயுள்ள கோவளத்திலும் சர்ஃபிங் கற்றுத்தருகிறார்கள். (கோவளம் என்ற பெயரில் சென்னைக்கு அருகே ஒன்றும் நம் கன்னியாகுமரிக்கு அருகே ஒன்றும் உள்ளன. நண்பர் ஒருவர் பயிற்சிக்குப் பதிவு செய்தபின்தான் தம் கோவளம் 700 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதை அறிந்தார்.) இரண்டு வார இறுதிகளில் நான்கு வகுப்புகளை இங்கேயே முடித்துக்கொண்டால், அங்கே முதல் மூன்று நாட்கள் வீணாகாது. வீட்டுத் தரையில் பலகையின் அளவுக்கு ஒரு பாயை விரித்து, கவிழ்ந்து படுத்து, விலா எலும்புகளின் அருகே கையூன்றி ஒரே வீச்சில் காலுக்கு வருவதைத் தினம் இருபது முறை செய்யுங்கள். முட்டியை ஊன்றி எழும் பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால் பிறகு விடுவது கடினம்.

ஆவணங்கள்

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இந்தியர்கள் இணையவழிப் பயண அனுமதி பெற வேண்டும். அதன் கட்டண விதிகள் அடிக்கடி மாறுவதால் விமான டிக்கெட் எடுக்கும் வாரத்தில் இலங்கைக் குடிவரவுத் துறையின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் பாருங்கள். அதே தோற்றத்தில் இடைத்தரகர் தளங்கள் பல உண்டு.

வாகனம் ஓட்டப் போகிறவர் சர்வதேச ஓட்டுநர் அனுமதி பெற வேண்டும். மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வழியே, உங்கள் உரிமத்தைக் கொண்டு விண்ணப்பிக்கலாம், ஓராண்டுக்குச் செல்லும். இதோடு வேலை முடிந்தது என்று நாங்கள் நினைத்ததுதான் முதல் தவறு. அந்த அனுமதியை இலங்கையில் அங்கீகரித்து வாங்க வேண்டும். கொழும்பில் உள்ள ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன் இதைச் செய்துதருகிறது. வாகனம் வாடகைக்கு விடுபவர்கள் பலர், ஆவணங்களை முன்கூட்டியே அனுப்பிவைத்தால் ஒரு தொகைக்குத் தாமே முடித்துவைப்பார்கள். நாங்கள் அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை மாலை இறங்கினோம், சனியும் ஞாயிறும் அலுவலகம் இல்லை, திங்கட்கிழமை பௌர்ணமி. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா என்னும் பொது விடுமுறை என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது. பத்து நாளில் மூன்று நாள் கொழும்புத் தெருக்களில் கழிந்தது. நாட்காட்டியில் போயா நாட்களைக் குறித்துக்கொண்டு தேதியை முடிவு செய்யுங்கள். அன்று மது விற்பனையும் கிடையாது என்பது சிலருக்குக் கூடுதல் செய்தியாக இருக்கலாம்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது சாகச விளையாட்டுகளை விலக்கும் பிரிவைப் படித்துப் பாருங்கள். சர்ஃபிங் அதில் விலக்கப்பட்டிருந்தால் அந்தக் காப்பீட்டால் உங்களுக்கு அதிகப் பயனில்லை.

போவதும் வண்டியும்

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறது என்று சிலர் ஆசைப்படுவார்கள். அது தீவின் வடமுனையில் இறக்கிவிடும். வெலிகம தென்முனையில் இருக்கிறது. எல்லைப்புறத்தாருக்குத் திருவனந்தபுரமே வசதி. போர்டு எடுத்துச் செல்ல வேண்டாம். நீளப் பொதிக்கு விமான நிறுவனங்கள் வாங்கும் தொகையில் அங்கே பல நாள் வாடகைக்கு எடுத்துவிடலாம். தவிர, புதியவருக்கு ஏற்ற எட்டு, ஒன்பது அடி மென்பலகை தென்கரையின் எல்லாக் கடற்கரையிலும் வரிசையாக நிற்கிறது.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து பேருந்தில் கொழும்புக் கோட்டைக்கு வந்து, கரையோர ரயிலில் வெலிகம செல்லுங்கள். மூன்றாம் வகுப்புக் கட்டணம் மிகக் குறைவு. வாடகை ஆட்டோவைத் தென்கரையில் எடுப்பதே நல்லது. கொழும்பு நெரிசலில் முதல் நாளே ஆட்டோ ஓட்டிப் பழக வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஆம், ஆட்டோதான். அங்கே அதை த்ரீவீல் என்பார்கள். பெரும்பாலும் நம் பஜாஜ் வண்டிகளே. இடப்பக்கம் ஓட்டும் முறையும் நம்முடையதே. கூரையில் இரும்புக் கம்பி பொருத்தி மூன்று பலகைகளைக் கட்டிக்கொள்ளலாம். நால்வராக இருந்தால் ஓட்டுநருடன் ஒரு சிறு வேன் எடுப்பது ஆட்டோவை விடப் பெரிதாகச் செலவு வைக்காது.

அதிவேக நெடுஞ்சாலையில் ஆட்டோவுக்கு அனுமதி இல்லை. ஏ2 எனப்படும் பழைய காலி வீதியே உங்கள் பாதை. அதில் தனியார் பேருந்துகள் வரும் வேகத்தைப் பார்த்தால் நாகர்கோவில் – திருவனந்தபுரம் சாலை சாந்தமாகத் தோன்றும். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், பேருந்து ஒலி எழுப்பினால் தயக்கமின்றி ஒதுங்கி வழிவிடுங்கள். இருட்டியபின் ஓட்டாதீர்கள்.

எங்கே, எந்த வரிசையில்

வெலிகமவில் தொடங்குங்கள். நீண்ட பிறைவடிவ விரிகுடா, அடியில் மணல், கரையோடு உருளும் வெண்ணுரை அலைகள். விழுந்தால் மணலில்தான் விழுவீர்கள். இங்கே நான்கு அல்லது ஐந்து இரவுகள் தங்கலாம். முதல் இரண்டு நாட்கள் பயிற்சியாளரை வைத்துக்கொள்வதில் கஞ்சத்தனம் வேண்டாம். கஞ்சத்தனத்தை மற்ற எல்லாவற்றிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கற்றுத்தந்தவர் முதல் அரைமணி நேரம் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. ஈர மணலில் குதிகாலால் பலகையின் உருவத்தை வரைந்து, அதன் நடுவே நீளவாக்கில் ஒரு கோடு கிழித்து, எழுந்து நிற்கும்போது இரு பாதங்களும் அந்தக் கோட்டின்மேல் விழ வேண்டும் என்றார். ஒவ்வொரு முறையும் என் பின்னங்கால் கோட்டுக்கு ஒரு சாண் வலப்பக்கம் பதிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் அந்தத் தடத்தின்மேல் ஒரு சிப்பியை வைத்தார். ஆறாம் முறை சிப்பி காலில் குத்தியது. ஏழாம் முறை கால் கோட்டுக்கு வந்துவிட்டது. தண்ணீரில் நான் முதல்முறை நின்றது அன்று மாலையே, மூன்று விநாடிகள்.

அடுத்தது மிதிகம, அஹங்கம பக்கம். வெலிகமவிலிருந்து காலி நோக்கிப் பத்துக் கிலோமீட்டருக்குள். இங்கே நிலைமை மாறுகிறது: அலைகள் உடைவது பாரின்மேல். நம் மீனவர்கள் பார் என்று சொல்லும் அதே கடலடிப் பாறைதான். பாரின்மேல் உடையும் அலை ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில், ஒரே வடிவில் உடையும் என்பதால் கற்றவர்களுக்கு இனிப்பு. விழத் தெரியாதவர்களுக்குத் தோல் உரிப்பு. மிதிகமவில் லேசி லெஃப்ட் என்று ஓர் இடம் உண்டு. இடப்பக்கம் மெதுவாக விரியும் அலை. வெண்ணுரையை விட்டு, இன்னும் உடையாத பச்சை அலைக்கு மாறியவர்கள், பயிற்சியாளருடன், ஓரளவு நீர் ஏறியிருக்கும் நேரத்தில் முயலலாம். அதே மிதிகமவில் உள்ள ராம்ஸ் பக்கம் கரையிலிருந்து வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஹிரிகெட்டிய. மாத்தறையைக் கடந்து திக்வெல்லவுக்கு அருகே, குதிரை லாட வடிவில் தென்னைகள் சூழ்ந்த சிறு குடா. நடுவில் கற்பவர்களுக்கான அலை, ஓரத்தில் பாறைமுனையைச் சுற்றிவரும் தேர்ந்தவர்களின் அலை. அழகான இடம், ஆனால் குடா சிறியது, கூட்டம் பெரியது, அறை வாடகையும் அதற்கேற்ப இருக்கிறது. திக்வெல்ல ஊருக்குள் தங்கி ஆட்டோவில் காலை ஆறு மணிக்குப் போய்விடுவது நல்லது. ஹிக்கடுவ பெயர் பெற்ற இடம்தான் என்றாலும் அங்கும் முக்கிய அலைகள் பாரின்மேல்தான். நாரிகம பக்கத்து மணற்கரை மட்டும் புதியவருக்கு ஏற்றது. நேரமில்லையெனில் விட்டுவிடுங்கள்.

மே மாதத்தார் செல்லும் அறுகம்பே, பொத்துவிலை ஒட்டியது. கடைக்காரரிடம் தமிழில் பேசலாம் என்பதே பாதிப் பயத்தைப் போக்கிவிடும். அங்கே பேபி பாயின்ட் கற்பவர்களுக்கு. மெயின் பாயின்ட் நன்கு கற்றவர்களுக்கு. தெற்கே ஒகந்தையில் முருகன் கோயிலை ஒட்டியே ஓர் அலைமுனை இருக்கிறது. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்வோர் கூடும் கோயில் அது. இந்தப் பக்கத்துச் சாலைகளில் யானைகள் இறங்கும். மாலை ஐந்து மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுவதும், யானையைக் கண்டால் வண்டியை நிறுத்திப் படமெடுக்காமல் தொலைவிலேயே காத்திருப்பதும் கட்டாயம்.

தண்ணீருக்குள்

இறங்குமுன் பதினைந்து நிமிடம் கரையில் உட்கார்ந்து பாருங்கள். பெரிய அலைகள் மூன்று, நான்கு அடுத்தடுத்து வந்தபின் கடல் சற்று ஓயும். குளச்சல் கரையில் வள்ளம் தள்ளுபவர்கள் காத்திருப்பது இந்த ஓய்வுக்காகத்தான். அலைகள் உடையாமல், நீர் கலங்கலாகக் கடல்பக்கம் ஓடும் ஓர் இடைவெளி தெரிந்தால் அது இழுவை நீரோட்டம். புதியவர்களுக்கு அந்த இடம்தான் அமைதியாகத் தோன்றும். அதில் சிக்கினால் எதிர்நீச்சல் போடாமல், பலகையைப் பிடித்துக்கொண்டு கரைக்கு இணையாகத் துழாவி, அலை உடையும் இடத்துக்கு வந்து அதனோடு கரை சேருங்கள்.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய நாள் தேங்காய்ப்பட்டணத்தில் கரமடி இழுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “மக்களே, காத்தும் இல்ல, மழையும் இல்லன்னு கடல நம்பப்பிடாது” என்றார். அவர் சொன்னது கள்ளக்கடலைப் பற்றி. தென் இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்கள் கிளப்பும் நெடிய அலைகள் பல நாள் பயணம் செய்து, காற்றே இல்லாத தெளிந்த வானத்தின் கீழ் நம் கரையில் ஏறுவதையே கேரளத்து மீனவர்கள் அப்படி அழைக்கிறார்கள். 2024 மே மாதத்தில் நம் மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐவரைக் கொண்டுபோனது இத்தகைய கொந்தளிப்புதான். சர்ஃபிங்குக்கு வேண்டிய அலைகளும் அதே தென்கடலிலிருந்துதான் வருகின்றன. எனவே அலை முன்னறிவிப்பில் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள விநாடிகளையும் பாருங்கள். ஒரு மீட்டர் உயரம் எட்டு விநாடி இடைவெளியில் வந்தால் விளையாட்டு. அதே ஒரு மீட்டர் பதினாறு விநாடியில் வந்தால், கரையருகே எழும்பும்போது அது வேறு அலை. அத்தகைய நாளில் புதியவர்கள் ஊர் பார்க்கப் போகலாம்.

ஒழுங்குகள் சில உண்டு. அலையின் உடையும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை சொந்தம். அவர் எழுந்துவிட்டால் மற்றவர்கள் விலக வேண்டும். உள்ளே செல்லும்போது சறுக்கி வருபவர்களின் பாதையில் குறுக்கிடாமல் சுற்றிச் செல்லுங்கள். பலகையைக் கைவிட்டுவிட்டு மூழ்கித் தப்பிக்காதீர்கள், பின்னால் வருபவரின் பல்லில் அது படும். பலகை ஒருபோதும் உங்களுக்கும் அலைக்கும் நடுவே இருக்கக் கூடாது. விழும்போது தட்டையாக விழுந்து, மேலே வரும்போது இரு கைகளாலும் தலையை மறைத்தபடி வாருங்கள்.

பாரில் பட்ட கீறலை அலட்சியம் செய்ய வேண்டாம். நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினி போட்டு, ஆறும்வரை கடலில் இறங்காமல் இருப்பது கசப்பான ஆலோசனைதான். வெப்பநாட்டுக் கடலில் அது சீழ் பிடிக்க இரண்டு நாள் போதும். முழுக்கை ரேஷ் கார்டு (உடலோடு ஒட்டும் நீச்சல் மேலாடை) ஒன்று எல்லோருக்கும் வேண்டும். நாம் வெயிலில் வளர்ந்தவர்கள்தான், ஆனாலும் மூன்று மணி நேரம் கவிழ்ந்து கிடந்தால் கெண்டைக்காலின் பின்புறம் வெந்துவிடும்.

பணமும் சாப்பாடும்

இந்திய ரூபாய் ஒன்றுக்கு அண்மைக் காலத்தில் மூன்று இலங்கை ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது. 2024 பிப்ரவரி முதல் இந்திய யுபிஐ அங்கும் ஏற்கப்படுகிறது என்றாலும் கடற்கரைப் பலகைக்காரரிடம் ரொக்கமே செல்லும். பலகையை மணிக்கணக்கில் எடுக்காமல் நான்கைந்து நாட்களுக்குச் சேர்த்து விலை பேசுங்கள். வாங்கும்போதே இருபுறமும், முனையும், அடியிலுள்ள துடுப்புகளான ஃபின்களும் தெரியப் படமெடுத்து வையுங்கள். நாங்கள் எடுக்காததால், எங்களுக்கு முன்பே இருந்த ஒரு கட்டைவிரல் அளவு ஓட்டைக்குப் பணம் கட்டினோம். கொடுத்த தொகையில் மூன்று பேரும் இரண்டு நாள் சாப்பிட்டிருக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றி நீட்டத் தேவையில்லை. கடலைப் பார்த்த உணவகங்களை விட்டு, பேருந்து நிலையத்தை ஒட்டிய சோற்றுக்கடைகளுக்குப் போங்கள். ஆப்பமும் இடியப்பமும் புட்டும் தேங்காய்ச் சம்பலும் எல்லைப்புறத்து நாக்குக்கு அந்நியமாகத் தெரியாது. மாசிக் கருவாட்டின் வாடை மட்டும் புதிதாக இருக்கலாம். பொதுப் பணத்தை ஒருவரே வைத்திருந்து இரவில் கணக்கு எழுதட்டும். அவர் ஆட்டோ ஓட்டுபவராக இருக்க வேண்டாம்.

திரும்புதல்

கடைசி நாளில் கடலில் இறங்கும் ஆசையைக் காலை எட்டு மணியோடு முடித்துக்கொண்டு, ஆட்டோவைப் பகல் வெளிச்சத்தில் ஒப்படையுங்கள். உப்பு நீர் பட்ட உடைகளை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து தனிப் பையில் கட்டுங்கள்; ஈரமணலின் எடைக்கும் விமானத்தில் காசு வாங்குவார்கள். வெலிகமவில் ரயில் ஏறும்போது எல்லோரும் கடல் தெரியும் இடப்பக்கத்து ஜன்னலுக்கு முந்துவார்கள். நீங்கள் வலப்பக்கம் உட்காருங்கள். காலி நிலையத்தில் ரயில் வந்த வழியே திரும்பி ஓடத் தொடங்கும்போது பெட்டியின் பக்கங்கள் மாறிவிடும். அங்கிருந்து கொழும்பு வரை கடல் உங்கள் ஜன்னலில்தான்.